முகம் போட்ட தாள்

எடைக்காரர் பள்ளிக்கூடத்தில் கழித்தது மூன்று வருஷம், அதிலும் பாதி நாள் வாசலுக்கு வெளியே. பழைய பேப்பர் கடையில் கழித்தது நாற்பத்தோரு வருஷம். தலையில் சாக்கைச் சுமந்து தெருத் தெருவாகக் கூவியவருக்கு இன்று மூன்று கிடங்கு சொந்தம். எவன் தயவும் இல்லை. வாசிக்கத் திணறினால் என்ன, விரலால் தடவியே இது எந்த அலுவலகத்துத் தாள் என்று சொல்லிவிடுவார். பட்டம் வாங்கியவர்களில் ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம்.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. முகம் போட்ட தாள், அது அடையாள அட்டை நகலோ பரீட்சைச் சீட்டோ, மூக்குக்குக் குறுக்கே கிழித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ஊறிக் கூழாகும் வரை வெளியே எடுக்கக் கூடாது. தாள் பிரிக்கும் மூன்று பெண்களுக்கும் முதல் நாள் பாடமே அதுதான். ஒருமுறை சட்டை மடிப்புக் கலையாத ஒருவன் வந்து, அந்த மாதிரித் தாளுக்குத் தனி விலை தருவதாகக் குழைந்தான். அடுத்தவன் மூஞ்சியை விற்கிற கடை இது இல்லை என்று வாசலைக் காட்டினார்.

அவருடைய மூத்த சகலை வேறு ரகம். பெரிய அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அசல் பத்திரம், அட்டை எல்லாம் இரும்பு அலமாரியில், அலமாரிக்கு மூன்று பூட்டு, சாவி இடுப்பில். கட்டின மனைவி கேட்டாலும் கொடுக்க மாட்டார். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், ஆவணங்களைக் காப்பது எப்படி என்று பிரசங்கம் தொடங்கிவிடும். ஆனால் நகல் என்றால் வாரி வழங்குவார். ஜிம்முக்கு ஒன்று, துணிக்கடை உறுப்பினர் அட்டைக்கு ஒன்று. அசல் பத்திரமாக இருக்கிறதே, பிறகென்ன? வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த புத்திசாலித்தனம்.

அந்தக் கதவு வழியாகத்தான் ஒருவன் புகுந்தான். அட்டை நகல் ஒன்றைக் கொடுத்துச் சகலை பெயரில் நாலு போன் இணைப்பு வாங்கி, ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் மிரட்டியிருக்கிறான். காவல் நிலையத்தில் கூப்பிட்டு விசாரித்ததும் சகலை நேராக வந்தது எடைக்காரர் கடைக்கு. மூன்று பெண்களும் பார்த்திருக்க, தராசுக்கு முன்னால் நின்றார்.

"எங்க வீட்டுக் குப்பை உன்கிட்டதான வருது? என் காகிதத்த வித்துத் தின்னுட்டியே. திருடன்டா நீ."

போலீசிடமும் எடைக்காரர் பெயரைக் கொடுத்துவிட்டே வந்திருந்தார்.

எடைக்காரருக்குக் காது மடல் சுட்டது. பன்னிரண்டு அலுவலகங்கள் தங்கள் பழைய கோப்பு அறைச் சாவியை அவரிடம் நம்பிக் கொடுத்திருக்கின்றன. இந்த ஒரு வார்த்தை தெருவைத் தாண்டினால் பன்னிரண்டு சாவியும் திரும்பப் போய்விடும். நாற்பத்தோரு வருஷமும் தொட்டித் தண்ணீரில் கரைந்த காகிதம்தான்.

மறுநாள் காவல் நிலையத்தில் இருவர் முன்னாலும் அதிகாரி அந்த நகலை மேஜையில் போட்டார். அடியில் சகலையின் கையெழுத்து. எடைக்காரர் எழுத்தைப் பார்க்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்தார். வலது ஓரத்தில், மேலிருந்து கீழே, மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு.

"சார், இது வரி ஆபீஸ் முக்குல இருக்கிற ஜெராக்ஸ் கடைத் தாள். அந்த மிஷின்ல கீறல், ஆபீஸ் கோப்புல வர்ற நகல்ல தினம் பாக்குறேன். அந்தக் கடைக் கழிவ வேற ஆளு எடுக்கிறான், என்கிட்ட வராது. கையெழுத்து மை வேற இழுவிக் கிடக்கு. இப்படி ஒரு தாளை எங்க சகலை வீட்டுக்குக் கொண்டுபோவாரான்னு அவரையே கேளுங்க."

அதிகாரி கேட்டார். சகலை கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் முணுமுணுத்தார்: "கையெழுத்து அழகா விழலன்னா... அங்கேயே கூடையில போட்டுட்டு வேற நகல் எடுத்துப்பேன்."

"கிழிச்சா போட்டீங்க?"

"நகல்தான சார்."

கூடையைக் கொட்டுகிறவன், ஒரு தாள் விடாமல் பொறுக்கி விற்றிருந்தது அன்று மாலையே தெரிந்துபோயிற்று.

காவல் நிலையத்துக்கு வெளியே வந்ததும் சகலை எடைக்காரர் தோளில் கை போட்டார். வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம், வெளியில் எதற்கு என்றார். எடைக்காரர் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"அண்ணே, திருடன்னு எங்க நின்னு சொன்னீங்களோ அங்க வந்து இல்லன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் வீட்டுக்குப் போலாம்."

வேறு வழியில்லாமல் சகலை வந்தார். தராசுக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமி, ஒரு தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டதாகவும் அதற்காகத் தாம் வருந்துவதாகவும் அலுவலகக் கடிதம் போலச் சொல்லி முடித்தார்.

தாள் பிரித்துக்கொண்டிருந்த மூத்தவள் தலை நிமிரவில்லை. "திருடன்னு சொன்னப்ப எங்களுக்குப் புரியிற மாதிரிதானங்க சொன்னீங்க?"

சகலை எடைக்காரரைப் பார்த்தார். எடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவர் திருடல," என்றார் சகலை. "தப்பு என்மேல."