ஸ்டார்ட் ஆகாமலே சர்ச்சுக்குப் போன ஜீப்

'நீண்டகாலம் நிறுத்தி வைப்பதற்காகத் தயார் செய்யப்பட்ட எஞ்சினை, அந்தக் காலம் முடியும்வரை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது.'

என் பழைய பெட்ரோல் ஜீப்பின் கையேட்டில் உள்ள விதி. எக்காரணம் கொண்டும்! எழுதியவர் ஏற்காட்டில் ஒரு கல்யாணத்துக்கும் வந்ததில்லை போலிருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு, மழைக்காலம். மகனைப் பார்க்க ஆறு மாதம் ஆஸ்திரேலியா போவதாக ஏற்பாடு. இந்த மலை ஈரத்தில் சும்மா நிற்கும் எஞ்சினுக்கு உள்ளேயே துருப்பிடிக்கும். சர்வீஸ் முழுக்க அரசுப் பணிமனையில் ஊரார் தலையில் விதிகளைக் கட்டியவன், சொந்த ஜீப்பை விட்டுவிடுவேனா? பெட்ரோலை வடித்தேன். ஆயிலை மாற்றினேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றி, பிளக்குகளைத் திரும்ப மாட்டினேன். எலி குடித்தனம் வராமல் சைலன்சர் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்தேன். பேட்டரி கடைவீதி மெக்கானிக்கிடம் போயிற்று. கடைசியாக ஸ்டீயரிங்கில் ஓர் அட்டை: 'ஸ்டார்ட் செய்யாதே!'

யாருக்கு எழுதினேன்? வீட்டில் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்...

மறுநாள் காலை. பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி — எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் — தூறலில் குடைகூட இல்லாமல் ஓடிவந்தார். அன்று அவர் மகள் ஜெனிபருக்குக் கல்யாணம்.

"ஏனுங்க சார், பொண்ணுக்குச் சொன்ன கார் குப்பனூர்கிட்டயே நின்னுபோச்சுங்க. மரம் சாஞ்சு ரோடு அடைப்பு. பத்து மணிக்குப் பூசைங்க. முடிச்ச கையோட பாதர் கொட்டச்சேட்டுல இன்னொரு கல்யாணத்துக்குப் போகணும். நாளைக்கு திருவருகைக் காலம் ஆரம்பம். இன்னிக்கு விட்டா கிறிஸ்மஸ் தாண்டித்தானுங்க கல்யாணம். ஜீப்பை எடுங்க!"

விளக்கினேன். பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை, சைலன்சரில் துணி... மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க ஒரு ஸ்பூன் ஆயிலுக்காக ஒரு பொண்ணு கல்யாணம் நிக்கணுமாங்க?" என்றாள் என் மனைவி.

நான் கையேட்டை எடுத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸ்டார்ட் செய்யக்கூடாது. சரி. நகரக்கூடாது என்று எங்கேயாவது...? ஒரு வரிகூட இல்லை!

எங்கள் வாசலிலிருந்து சர்ச் வரை மெல்லிய இறக்கம். இந்த ஜீப்பின் பிரேக்குக்கு எஞ்சின் தயவும் வேண்டாம். வெள்ளைப் புடவையும் தலையில் வலை முக்காடுமாக ஜெனிபர், அப்பாவோடு பின்னால் ஏறினாள். நியூட்ரல் போட்டேன். கை பிரேக்கை விட்டேன்.

ஆஹா, அது சவாரி! சத்தமே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறோம். பேட்டரி இல்லாததால் வைப்பர் இல்லை; பக்கத்து சீட்டிலிருந்து என் மனைவி எட்டி எட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். ஹாரனும் இல்லை, ஆரோக்கியசாமிதான் ஹாரன். "ஒதுங்குங்க! ஒதுங்குங்கோ! பொண்ணு வருது!" டூரிஸ்டுகள் செல்போனை எடுத்தார்கள்.

சர்ச் கேட்டுக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம். ஜீப் பாதியில் நின்றது. வாசலில் தவித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, கோட்டும் பூங்கொத்துமாக ஓடிவந்து தள்ள ஆரம்பித்தார். ஜெனிபர் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, இன்னும் கொஞ்சம் வேகமா! பாதர் கெளம்பிருவாரு!"

"தாலி ஏறல, அதுக்குள்ள வேலை வாங்கறா பாரு!" என்றார் மாப்பிள்ளையின் அத்தை, தானும் தள்ளிக்கொண்டே.

பாதர் வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். "வண்டிச் சத்தமே கேக்கலையே சார்?"

"விதிப்படி வந்தோம் பாதர்."

கல்யாணம் முடிந்தபிறகு வந்து சேர்ந்த கார், ஜீப்பைக் கயிறு கட்டி வீடுவரை இழுத்துப் போனது. அதற்காவது ஆயிற்றே.

இப்படி உருட்டிப் போவதற்குக் கையேட்டில் ஓர் உட்பிரிவு தேவை என்று ஜீப் கம்பெனிக்கு எழுதினேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். துணியை எடுத்து, பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை மாட்டியதும் எஞ்சின் முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்துக்கொண்டது. கம்பெனிதான் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஒருவழியாகப் பதில் வந்தது: 'நிறுத்தி வைத்துள்ள வாகனத்தை நகர்த்துமுன் எங்கள் ஆலோசனைக்குக் காத்திருக்கவும்.'

வந்த தேதி — ஜெனிபர் மகனுக்கு ஞானஸ்நானம் நடந்த நாள்.