கைப்பிடியின் உயரம்

வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டால்தான் அவருக்குப் பேச்சே சரளமாக வரும். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். தெருவுக்குத் திருகாணி மாமா. எதைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் ஒரு திருகாணியோ நட்டோ மிஞ்சும். "கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன், ஒண்ணு கூடவே போட்டிருக்கான்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நடந்தால் பை கிணுகிணுக்கும்.

இன்று காலையிலிருந்து வீட்டுக்குப் பின்னால் புல்வெட்டும் மிஷினைக் கடைபரப்பி வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் வாங்கியது. மாலையில் மருமகன் வண்டியோடு வந்து இதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கப்போகிறார். அதற்குள் ஓடினால் பிழைக்கும்; இல்லையென்றால் பழைய இரும்புக்கடைதான்.

"அப்பா, அதோட காலம் முடிஞ்சுது. விட்டுடுங்களேன்" என்றாள் மகள், சமையலறை ஜன்னலிலிருந்து.

"அது நல்லாத்தாம்மா இருக்கு. நமக்குத்தான் பொறுமை இல்ல."

பிளக்கைத் துடைத்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். தோள்பட்டை கழன்றுவிடும்போலக் கயிற்றை இழுத்தார். மிஷின் கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருந்தது.

உண்மையில் இத்தனை வருடமும் அவர் இதைப் பிரித்ததும் பூட்டியதும்தான் உண்டு, கிளப்பியதே இல்லை. பூட்டி முடித்ததுமே மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். "தள்ளுங்க. வைத்தியம் பாத்தது போதும், இனி நான் பாத்துக்கறேன்." புல்வெளி அவளுடைய ராஜ்ஜியம். அவர் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்து, "இடது பக்கம் கொஞ்சம் விட்டுட்ட பாரு" என்று குறை சொல்வார். போன வருடம் அவள் போய்ச் சேர்ந்த பிறகு குறை சொல்லக்கூட ஆளில்லை. மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அலுத்துப்போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தபோதுதான் அவள் கண்ணுக்குள் வந்தாள். கயிற்றைத் தொடுமுன் குனிந்து, டேங்குக்கு அடியில் பெருவிரலால் எதையோ திருப்புவாளே.

பெட்ரோல் குழாய். கழற்றும்போது மூடுவது அவர் வேலை, திறப்பது அவளுடையது. காலையிலிருந்து மூடியே கிடந்திருக்கிறது.

திறந்துவிட்டு ஓர் இழுப்பு. மிஷின் இருமியது, புகைந்தது, பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள்.

"மாப்பிள்ளைக்குப் போன் போடும்மா. வெறுங்கையோட வந்தாப் போதும்னு சொல்லு."

கூன் போட்டுக்கொண்டு இரண்டு நடை தள்ளினார். மகளுக்குப் பொறுக்கவில்லை. "கைப்பிடி அம்மா உயரத்துக்கு இருக்குப்பா. மேல் துளையில மாட்டிக்கங்க, முதுகு போயிடும்."

"அதுவும் சரிதான்" என்று மிஷினை நிறுத்தினார். கைப்பிடியின் போல்ட்டைக் கழற்றித் துருவைத் துடைத்தார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பிறகு அதே கீழ்த்துளையில் மாட்டி முடுக்கினார். போதாதென்று சட்டைப்பையைத் துழாவி, மிஞ்சிக்கிடந்த நட்டு ஒன்றை எடுத்து, அதன்மேலேயே ஏற்றி இறுக்கினார்.