ரிசர்வில் கிடந்த வண்டி

வண்டி பார்க்கப் போனபோது என் நோட்டில் இருபத்து மூன்று குறிப்புகள் இருந்தன. செயின் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, புகை என்ன நிறம், என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவள். பட்டியல் போடாமல் ஒரு பொருளைத் தொட எனக்குக் கை வராது.

விற்றவர் எங்கள் பக்கத்துச் சித்தூரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பத்து வருடம் அவர் கையிலேயே ஓடிய நூறு சிசி மோட்டார் சைக்கிள். நான் ஏழாவது குறிப்புக்காகத் தரையில் குனிந்திருந்தபோது, அப்பா பின்சீட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார்.

"ரெண்டு மூட்டை தாங்குமுங்களா?"

"தாராளமாத் தாங்குமுங்க. கடைக்கு அரிசியெல்லாம் இதுலதானுங்க வந்துச்சு. வண்டி ஆருக்குங்க?"

"புள்ளைக்கு."

அவர் என்னையும் நோட்டையும் பார்த்தார். "அப்ப ஸ்கூட்டர் பாத்திருக்கலாமுங்களே."

"நானும் அதையேதானுங்க சொன்னேன். கேட்டாத்தான?"

அப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. ஸ்கூட்டரில் மூட்டை நிற்காது என்று ஒரு வாரமாக மோட்டார் சைக்கிளுக்கு வக்காலத்து வாங்கியவர் அவர்தான். எனக்கும் மோட்டார் சைக்கிள்தான் வேண்டும், ஆனால் காரணம் வேறு. கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய எங்கள் தோட்டத்திலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வாய்க்கால் கரைப் பாதைதான். அதில் சின்னச் சக்கரம் விழுந்த குழியிலிருந்து எழுந்து வராது.

பெட்ரோல் முள் அசையவில்லை. அது என் பட்டியலில் பதினெட்டாவது.

"மூடியத் தொறந்து வண்டிய ஆட்டிப் பாத்தாத் தெரிஞ்சுருமுங்க," என்றார் விற்றவர். அப்பாவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது.

வண்டி எனக்கு ஆசைக்கு வாங்கியதில்லை. பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு முதல் லாரி வரும். அதற்குள் கொழுப்பு அளக்கும் கருவியைச் சரிபார்த்துத் தயாராக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் லாரி வரிசையில் நிற்கும், பால் சூடேறும். எங்கள் ஸ்டாப்புக்கு முதல் பஸ் வருவதே ஆறரைக்கு. ஆறு மாத ப்ரொபேஷன். நேரத்துக்கு வராதவர்களை நிரந்தரம் ஆக்குவதில்லை என்று சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

தென்னந்தோப்புக்குள் நானே ஓட்டப் பழகினேன். முதல் நாள் நாற்பத்தோரு முறை என்ஜின் அணைந்தது. எட்டாம் நாள் இரண்டு முறை. வண்டியோடு வாழப் பழகுவது அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில் இருப்பவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் வீட்டில் சாவி என்பது தனி ஒருவருக்கு உரியதல்ல. வாசல் கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆணி. மோட்டார் ரூம் சாவி, டிராக்டர் சாவி, மாட்டுக் கொட்டகைப் பூட்டின் சாவி எல்லாம் அதில்தான். என் வண்டிச் சாவியும் முதல் நாளே அங்கே போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா வாசலில் நின்றபடியே கையை உள்ளே நீட்டி அதை எடுப்பார். "ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றேன் அம்முணி" என்பார். அந்த எட்டு சில நாள் வண்ணாமடை வரை நீளும்.

முதல் தடவை நான் தாமதமானது பின் டயர் பஞ்சரானதால். முந்தின நாள் அப்பா அதில் புண்ணாக்கு மூட்டை ஏற்றியிருந்தார். இரண்டாவது தடவை வண்டியே இல்லை. விடியுமுன் தண்ணீர் திருப்பச் சித்தப்பா எடுத்துப் போய், வாய்க்கால் மேட்டில் யாரோடோ பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தடவைக்குக் காரணம் பெட்ரோல். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாரும் உள்ளூர் பங்கில் டேங்கை நிரப்ப மாட்டார்கள். எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் விலை குறைவு. வாரத்தில் ஒரு நாளாவது யாராவது பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவார்கள், அப்போது நிரப்பிக்கொள்ளலாம். அதுவரை வண்டி பெட்ரோல் வாசனையில் ஓடும். இந்தப் பக்கம் நிரப்பியவன் ஏமாந்தவன். அவ்வளவு தூரம் போய்வர ஆகும் பெட்ரோலையும் சேர்த்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எப்படியும் அந்தப் பக்கம் போறமல்லோ" என்று திருப்பிக் கொடுத்தார்.

டேங்குக்கு அடியில் இடப்பக்கம் ஒரு சின்னத் திருகு உண்டு. சாதாரண நிலையில் வைத்து ஓட்டினால், கடைசி ஒரு லிட்டர் இருக்கும்போது என்ஜின் திணறும். அப்போது திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் அந்த ஒரு லிட்டரில் பங்குக்குப் போய்விடலாம். நிரப்பியதும் பழையபடி திருப்பி வைக்க வேண்டும். இதைச் சித்தப்பாவுக்கு நான் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

"ரிசர்வுல போட்டாத்தான் அம்முணி இஞ்சின் நல்லா இழுக்குது," என்பார்.

அன்று ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன். வாய்க்கால் கரையில் பாதித் தூரத்தில் என்ஜின் இரண்டு முறை இருமி நின்றது. பதறவில்லை. கையை இறக்கித் திருகைத் தேடினேன். அது ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. மூடியைத் திறந்து, விற்றவர் சொன்னபடி ஆட்டிப் பார்த்தேன். மிக மெல்லிய சத்தம்.

கள்ளு இறக்கும் ஒருவர் குடுவைகளைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வந்தார். விளக்கை என் மீது அடித்து நிறுத்தினார்.

"ஏனுங்க, பெட்ரோலுங்களா?"

"ஆமாங்க. உங்க வண்டியிலருந்து கொஞ்சம் கிடைக்குமுங்களா?"

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "என்ர வண்டியும் ரிசர்வுலதானுங்க. சாயங்காலம் கோபாலபுரம் போறப்ப அடிச்சுக்கலாம்னு இருந்தேன்."

டேங்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டேங்க் ஒரு சேணம் போல வண்டிச் சட்டத்தின் நடுக்குழாயின் இரண்டு பக்கமும் தொங்குகிறது. திருகு இருப்பது இடப்பக்கம். வலப்பக்கத்துப் பள்ளத்தில் தேங்கியது தானாக இங்கே வர வழியே இல்லை.

"ஒரு கை பிடிங்க. இடது பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வெக்கணும்."

"ஓடற வண்டியப் படுக்க வெக்கறதுங்களா?"

"ஓடலீங்களே."

அதை அவர் ஒப்புக்கொண்டார். இருவரும் சாய்த்தோம். உள்ளே களக்கென்று ஒரு சத்தம் இடம் மாறியது. இருபது எண்ணி நிமிர்த்தினோம். நாலாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. நிலையத்தின் கேட்டுக்கு முந்நூறு மீட்டர் முன்னால் மறுபடி நின்றது. மீதித் தூரம் தள்ளினேன்.

மணி ஆறு ஒன்பது. இரண்டு லாரிகள் நின்றிருந்தன. மலையாளியான சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இது மூணாமத்தெ ப்ராவஸ்யமாணு. இனி ஒண்ணு கூடி ஆயால் ஞான் ரிப்போர்ட் எழுதும்," என்றார். இது மூன்றாவது தடவை, இன்னொன்று ஆனால் ரிப்போர்ட் என்று அர்த்தம். குரலில் கோபம் இல்லை. அவர் ரிப்போர்ட் எழுதினால் வேலை அன்றோடு முடியும். ப்ரொபேஷன் முடிய ஒன்பது நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து பழக்கமாக எல்லோரும் எடுக்கும் அந்தச் சாவியை இனி அங்கே மாட்டுவதில்லை என்று சொல்லி, சாப்பாட்டுப் பையில் போட்டேன்.

"இங்க ஆரு திருடன்?" என்றார் அப்பா.

"வண்டி வந்ததும் பவுசு வந்துருச்சல்லோ," என்றார் வாசலில் நின்ற சித்தப்பா.

"இன்னும் ஒம்பது நாளுப்பா. அதுக்குள்ள ஒருக்கா லேட்டானா வேலை போயிரும்."

அப்பா நிமிர்ந்தார். "போயிருமா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

டயருக்கு ஒரு தடவை, வாய்க்கால் மேட்டுக்கு ஒரு தடவை, ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மூன்றாவது தடவையாகச் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

சாயங்காலம் வெளியே வந்தால் வண்டியைக் காணோம். சாவி என் பையில்தான் இருந்தது. விற்றவர் இரண்டு சாவி கொடுத்திருந்தார். என் பட்டியலில் இருபத்தோராவது குறிப்பே அதுதான். இரண்டாவதை நானே அப்பாவிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு அப்பா வந்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். சாவு செய்தி சொல்லும் குரலில், "இந்தப் பக்கமே அடிச்சுட்டேன்," என்றார்.

சித்தப்பா எழுந்தே விட்டார். "இங்கயா? டேங்க் நெறையவா?"

"நெறையத்தான்."

சித்தப்பா மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவை எட்டிப் பார்த்தார்.

மறுநாள் ஐந்து மணிக்கே கிளம்பினேன். தோப்பு தாண்டி, முதல் திருப்பத்தில் வண்டி நின்றது. டேங்க் நிறைய பெட்ரோல். ஓர் உதை, இரண்டு உதை. கையை இறக்கினேன். ராத்திரி ஒழுகிவிடக் கூடாதென்று அப்பா திருகை முழுக்க மூடி வைத்திருந்தார். கார்புரேட்டரில் மிச்சமிருந்த சொட்டில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். திறந்தேன், ஒரு நிமிடம் காத்திருந்தேன், உதைத்தேன். ஐந்தே முக்காலுக்குக் கருவியின் முன்னால் இருந்தேன்.

அதன்பின் சாவி போடுமுன் திருகைத் தொட்டுப் பார்ப்பது முதல் குறிப்பாயிற்று. ஒவ்வொரு காலையும் அது வேறொரு நிலையில் இருந்தது. யார் எதற்காகத் திருப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது நாளும் ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தேன். பத்தாம் நாள் நிரந்தர உத்தரவு கையில் வந்தது. அப்பா அதை வாங்கி, மடிப்புப் படாமல் பீரோவில் வைத்தார்.

அவர் குளித்து வருவார், கூட இரண்டு வார்த்தை பேசலாம் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் கொட்டகையிலிருந்து வந்து பின்சீட்டில் ஒரு புண்ணாக்கு மூட்டையை ஏற்றினார். அதன்மேல் இன்னொன்றை வைத்துக் கயிறு போட்டார்.

"அப்பா."

"வேலைதான் நெலச்சுப் போச்சல்லோ," என்றார், முடிச்சை இறுக்கிக்கொண்டே.