வலது பக்கம் பார்க்க ஆளில்லை

எங்கள் ஊர்ப் பாதை போய் சர்வீஸ் ரோட்டில் முட்டும் இடத்தில் ஒரு பஞ்சர் கடையும் அதை ஒட்டி ஒரு புளியமரமும் இருக்கின்றன. இரண்டும் இடது பக்கம். புளியமரத்தில் எத்தனை கிளை வெட்டியிருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் வண்டிகள் வருவது வலது பக்கத்திலிருந்து. அதை நான் பார்த்ததே இல்லை. தினமும் காலையில் என் வீட்டுக்காரரின் மொபட்டில், பின்சீட்டில், புடவையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து போகிறவள் நான். வலது பக்கம் என்பது என் முதுகு இருக்கிற பக்கம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வெட்டுவதற்கு முன்னால் தோலைப் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். தோலில் வடு, ஓட்டை, உண்ணி கடித்த தடம் எது இருந்தாலும் சில்வர் பேனாவால் சுற்றி வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் கத்தி போகாது. பேச வேண்டிய அவசியம் இல்லாத வேலை. எனக்கு அதுதான் வசதி. கம்பெனி வேன் நாட்றம்பள்ளிப் பக்கம் வந்து, ஹைவே பாலத்துக்கு அடியில் எங்களை ஏற்றிக்கொள்ளும். வீட்டிலிருந்து பாலம் வரைக்கும் அந்த நேரத்தில் பஸ் கிடையாது. அதனால்தான் மொபட்.

அவர் தோல் லோடு ஏற்றுகிற டெம்போ டிரைவராக இருந்தவர். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாதி வாழ்க்கை ரோட்டில்தான். பிறகு சுகர் வந்தது. சுகர் கண்ணுக்கு வந்தது. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர் டெம்போவை விட்டுவிட்டார். மொபட்டை விடவில்லை.

"டாக்டரு டெம்போவத்தான் சொன்னாரு. இது சைக்கிள் மாதிரி," என்றார்.

எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. வேறு வழியும் இல்லை.

ஒரு நாள் காலையில் பாதை முட்டும் இடத்தில் அவர் வேகத்தைக் குறைத்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார், வண்டியை எடுத்தார். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹாரன். அப்படி ஒரு ஹாரனை நான் அவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. தண்ணீர் லாரி ஒன்று எங்களை ஒட்டிக்கொண்டு போனது. அதன் ஈரம் என் முதுகில் தெறித்தது.

"எவன்டா அவன், கண்ணு தெரியாதவன்!" என்று அவர் லாரியைப் பார்த்துக் கத்தினார்.

வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அவர் பார்க்காமல் வண்டியை எடுத்திருந்தால் திட்டலாம். பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். அவருக்கு வலது பக்கம் தெரியவில்லை. நானோ இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேரில் வலது பக்கம் பார்க்க ஆளில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் கழுத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டு பின்னால் பார்ப்பது சுலபமில்லை. விழாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க வலிக்கத் திரும்ப வேண்டும்.

"லாரி வருதுங்க."

"எனுக்குத் தெரியாதா? நீ இன்னா கிளீனரா?"

ஒருநாள் அவர் எழுந்திருப்பதற்கு முன்பே டிபன் பையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். பாதி தூரம் போவதற்குள் பின்னாலேயே மொபட் சத்தம் வந்தது. பக்கத்தில் வந்து, என் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஓட்டினார்.

"இன்னா, திருப்பதிக்கா? மொட்ட அடிக்கிறேன்னு வேண்டிக்கினியா?"

நான் நடந்துகொண்டே இருந்தேன்.

"வேன் போயிடும். ஏறு."

ஏறிவிட்டேன். ஏறினதும் கழுத்தைத் திருப்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியம். "நான் ஓட்றேங்க. நீங்க பின்னாடி உக்காருங்க."

மொபட் ஓட்ட எனக்குத் தெரியும். மகள் தன் கல்யாணத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஆனால் மைதானத்தை விட்டு வெளியே எடுத்ததில்லை.

அவர் சிரித்தார். "எல்எல்ஆர் இருக்குதா உங்கிட்ட? இத்தினி வருசம் வண்டி ஓட்டிக்கிறேன், ஒரு போலீஸ்காரன் என்னைய நிறுத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. உன்னால பேரு கெட்டுப் போவணுமா?" பிறகு அவரே சொன்னார். "எல்எல்ஆர் வாங்கினு வா. அன்னிக்கே சாவி உங்கையில."

"நெஜமாவா?"

"ஒரே பேச்சு."

என்னால் முடியாது என்ற தைரியத்தில்தான் சொன்னார். எல்எல்ஆர் என்கிற பழகுநர் லைசென்சுக்குப் பரீட்சை எழுத வேண்டும்; பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் பரீட்சை எழுதியதில்லை. பேங்கில் சலான் எழுதுவதற்குக்கூடப் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் எனக்கு.

மகள் கேள்விகளைப் போனில் அனுப்பினாள். அன்றிலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. சோறு வடிக்கும்போது போன், வேனில் போன், சாப்பாட்டு இடைவேளையில் போன். ஒரு பதிலைப் படித்தால் முந்தின பதில் மறந்தது. வேனில் என் பக்கத்தில் உட்காருகிற ஆபா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். எங்கள் வேனில் மூத்த முஸ்லிம் பெண்களை ஆபா என்றுதான் கூப்பிடுவோம்.

"இப்டி முணுமுணுன்னு படிச்சா ஏறாது. நான் கேக்குறேன், நீ சொல்லு," என்று சத்தமாகக் கேட்க ஆரம்பித்தார். "மஞ்ச லைட்டு எரிஞ்சா இன்னா பண்ணணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி கத்தினாள். "சீக்கிரம் போவணும்!"

வேனே சிரித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அப்டிப் போயிருந்தா உங்களையெல்லாம் இந்நேரம் யாரு வேலைக்கு இட்னு போறது?" என்றார். எனக்கு முகம் சூடானது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. ஆனாலும் போனைத் திரும்ப வாங்கவில்லை.

நீல வட்டம்தான் எனக்கு வரவே இல்லை. நீல வட்டத்துக்குள் இடது பக்கம் காட்டுகிற வெள்ளை அம்பு. "இடது பக்கம் போகக் கூடாது" என்றேன். தப்பு. மறுநாள் மறுபடி அதே படம், அதே பதில். மறுபடி தப்பு. சிவப்பு வட்டம் என்றால் கூடாது, நீல வட்டம் என்றால் கட்டாயம் அப்படித்தான் போக வேண்டும் என்று ஆபா படித்துக் காட்டினார். மண்டையில் ஏறவில்லை. வட்டம் போட்டுவிட்டால் அந்த இடத்தை விட்டு விலக வேண்டும் என்பதுதானே இத்தனை வருடம் என் கை செய்த வேலை? சுற்றி வட்டம் போட்டுவிட்டு, அதற்குள்தான் போக வேண்டும் என்று ஒருத்தர் சொன்னால் எப்படி?

ஆபா என் தலையில் தட்டினார். "அடியே, தோல வுட்டு ரோட்டுக்கு வா."

வீட்டிலும் ஒருநாள் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

"முன்னாடி போற லாரி ரைட் இண்டிகேட்டர் போட்டா இன்னா அர்த்தம்?"

"நீ தாண்டிப் போன்னு அர்த்தம்."

"அவரு ரைட்ல திரும்பப் போறாருன்னு போட்டுருக்குது."

"இத எழுதுனவன் ஒரு நாளாவது லாரி பின்னால போயிருப்பானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. "படம் காட்டு, படம் காட்டு. போர்டுல்லாம் எனுக்குத் தண்ணி பட்ட பாடு," என்றார். ஒரு படத்தைக் காட்டினேன். போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்து இடது கண்ணால் பார்த்தார்.

"ஸ்கூலு. பசங்க போறாங்க."

அது குறுகிய பாலம். அதில் ஆட்களே இல்லை.

"சரியா?" என்று கேட்டார்.

"சரிதான்," என்றேன்.

போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வலது கண்தான் போய்விட்டது, இடது கண் இருக்கிறது என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினேன்.

பரீட்சையை ஆபீசுக்குப் போகாமலே எழுதலாம் என்றார்கள். கடைவீதியில் ஒரு பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள். லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். கம்ப்யூட்டருக்கு மேலே சின்ன கேமரா.

"அக்கா, நேரா பாருங்க. எழுதுறது நீங்கதானான்னு அது பாத்துக்கினே இருக்கும். அந்தாண்ட இந்தாண்ட திரும்பக் கூடாது," என்றாள்.

திரையின் மூலையில் என் முகம் தெரிந்தது. கண்ணாடியில்கூட நான் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்லை. யாராவது என்னை நேராகப் பார்த்தால் தரையைப் பார்க்கிற வழக்கம் எனக்கு. கைக்குட்டை ஈரமாகிவிட்டது. ஆனாலும் கேள்விகள் வந்தன, எல்லாம் வேனில் கேட்டவைதான். ஆபாவின் குரலிலேயே எனக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. முடிந்துவிடும் என்றே தோன்றியது.

அப்போது கடைக்கு வெளியே, வலது பக்கத்தில், ஒரு லாரி ஹாரன் அடித்தது.

நான் திரும்பிவிட்டேன். யோசித்துத் திரும்பவில்லை. கழுத்து தானாகப் போய்விட்டது, உடம்பும் கூடவே போய்விட்டது. மறுபடி நேராகப் பார்த்தபோது கேள்வியைக் காணோம். முகம் தெரியவில்லை, பரீட்சை ரத்து என்று இருந்தது.

"அய்யோ, இன்னாத்துக்குக்கா திரும்புனீங்க? யாரு கூப்டாங்க?"

"லாரி."

"லாரி கடைக்குள்ளயா வரப் போவுது?" என்று அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். சில நாள் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும் என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"இன்னா கேள்வில வுட்ட?"

"கேள்வில இல்ல. திரும்பிட்டேன். லாரி சத்தம் கேட்டு வலது பக்கம் திரும்பிட்டேன்."

"அதுக்கு ஏன் திரும்புன?"

"தெனமும் திரும்பித் திரும்பிப் பழக்கமாயிட்ச்சி. உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியலன்னு."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவர் கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை பாதை முட்டும் இடத்தில் அவர் வண்டியை முழுசாக நிறுத்தினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றினார்.

"வருதா?" என்று கேட்டார், முன்னால் பார்த்தபடியே.

"வருது. பஸ்ஸு."

பஸ் போனது.

"இப்ப?"

"இல்ல. போலாம்."

அடுத்த வாரம் மறுபடி பரீட்சைக்குப் போனபோது அவரும் கூட வந்தார். கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ரோட்டுப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "நீ உள்ள போ. லாரி வந்தா நான் பாத்துக்கறேன்," என்றார். கடைக்காரப் பெண் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஹாரன்கள் வந்தன. கடைவீதியில் ஹாரன் இல்லாமல் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் கழுத்து இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தேன். அவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், எதுவும் உள்ளே வந்துவிடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீல வட்டமும் வந்தது. கை தப்பான பதிலுக்குத்தான் போனது. தோல வுட்டு ரோட்டுக்கு வா. கையை நகர்த்தி அடுத்ததை அழுத்தினேன்.

பாஸ். அந்தப் பெண் தாளை எடுத்துக் கொடுத்தபோதும் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே சிவப்பில் L ஸ்டிக்கர் வாங்கி வந்து, மொபட்டுக்கு முன்னாலும் பின்னாலும் விரலால் தடவித் தடவி ஒட்டினார். லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கூட இல்லாமல் எல்எல்ஆர்காரர் ஓட்டக் கூடாது என்ற ரூல்ஸைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப நான் இல்லாம நீ ஓட்ட முடியாது?"

"முடியாது."

"அதான பாத்தேன்," என்று சாவியை என் டிபன் பை மேல் வைத்தார்.

காலையில் நான் ஓட்டினேன். பின்சீட்டில் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா. பிரேக்கு. பள்ளம். பிரேக்கு," என்று வழி முழுக்கப் பேச்சு. பாதை முட்டும் இடத்தில் நிறுத்தி வலது பக்கம் பார்த்தேன். ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர், அதை ஒட்டி ரோடு வளைகிறது. வளைவைத் தாண்டி வருகிற வண்டி கடைசி நேரத்தில்தான் தெரியும். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறவர்களுக்கே கஷ்டமான இடம். அதை அவரிடம் சொன்னேன்.

"அப்டித்தான்," என்றார். "இந்தாண்ட நான் பாத்துக்கறேன், நீ அந்தாண்ட பாரு."

சர்வீஸ் ரோட்டைக் கடந்து பாலத்துக்கு அடியில் போய் நிறுத்தினேன். வேன் வந்துவிட்டது. ஜன்னலில் ஆபாவின் முகம், கை தட்டுகிறார். சாவியை எடுத்தேன். அவர் பழக்கத்தில் கையை நீட்டினார்.

இதை நாங்கள் இரண்டு பேருமே யோசித்திருக்கவில்லை. ஓட்டி வந்தாகிவிட்டது. இனி மொபட்டை வீட்டுக்கு யார் ஓட்டிப் போவது?

நீட்டிய கை அப்படியே இருந்தது. வேன் ஹாரன் அடித்தது. நான் சாவியை டிபன் பைக்குள் போட்டேன்.

"வண்டி இங்கியே நிக்கட்டுங்க. சாயந்திரம் எடுத்துக்கலாம்."

"சாயந்திரம் நீ தனியா ஓட்டக் கூடாது. ரூல்சு."

"அப்ப நீங்க வந்து நில்லுங்க."

"நான் எப்டி வர்றது?"

நான் வேன் படியில் கால் வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் மொபட்டையே பார்த்தார். பிறகு கையை இறக்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நடந்து," என்று அவரே சொன்னார். "திருப்பதிக்கு."

வேன் நகர்ந்தபோது எட்டிப் பார்த்தேன். அவர் சர்வீஸ் ரோட்டின் ஓரத்தில் நின்றிருந்தார். கடக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினால் தெரியாது என்பதால் உடம்பையே முழுசாகத் திருப்பிக்கொண்டு, சுவர் வளைகிற இடத்தையே பார்த்தபடி நின்றிருந்தார். வண்டி ஒன்றும் வரவில்லை. போங்க, போங்க என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. வேன் திரும்பும் வரைக்கும் அவர் கடக்கவில்லை.