மாமா தேய்த்த பாறைகள்

என் அக்கா புருஷன் எந்த வேலையையும் ஆரம்பிப்பதில் கெட்டிக்காரர். முடிப்பது மட்டும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டுச் சுவர் பாதி பச்சை, மீதி வெள்ளை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டுகிறேன் என்று ஓட்டை மட்டும் போட்டுவைத்திருக்கிறார். உள்ளே போகிறவர்கள் சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். வீடே சங்கீத வித்வான்களால் நிரம்பிவிட்டது.

ஒரு கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது, கரையைச் சுத்தம் செய்யத் துறைமுகத்தில் ஆள் எடுத்தார்கள். மாமாவுக்கும் வேலை கிடைத்தது. இதையும் பாதியில் விட்டால் அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிற ரகமில்லை அவள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தும் வைத்துவிட்டாள். மறுநாள் விடியுமுன்பே மாமா வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

எண்ணெய் சீக்கிரமே போய்விட்டது. ஆனால் அலை தெறிக்கும் உயரத்தில், பாறைகளைச் சுற்றித் தார் பூசியதுபோல ஒரு கறுப்புப் பட்டை போகவே இல்லை. மேஸ்திரி வந்து பார்த்தார். பெரிய மேதை அல்லவா, கறுப்பாக இருந்தால் அது எண்ணெய்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மாமா மட்டும் கம்பிப் பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தார். சாயங்காலம் உள்ளங்கை உரிந்துபோய் வீட்டில் வந்து நிற்பார். அக்கா பெருமையாக மருந்து தடவிவிடுவாள். கடைசியில் ஒருநாள், முடித்தாயிற்று என்றார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு பார்க்கக் கிளம்பினாள்.

பாறைகள் பளிச்சென்று இருந்தன. கடல் ஆராய்ச்சி நிலையத்து அம்மா ஒருவர் அங்கே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நான்தான் தேய்த்தேன் என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"அது எண்ணெய் இல்லைங்க, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துற உயிரு. அது இவ்வளவு தூரம் படர நம்ம ஆயுசு பத்தாது."

மாமாவின் முகம் செத்துப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. மனுஷன் வாழ்க்கையில் முழுசாக முடித்தது ஒரே ஒரு வேலை, அதுவும் இந்த லட்சணம்.

அந்த அம்மா எழுந்து பாறைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் பாறைக்குப் பின்னாலிருந்து எங்களைக் கூப்பிட்டார். அதன் பின்பக்கம் முழுக்க அதே கறுப்பு, கைபடாமல். இங்கிருந்து மெல்லப் பரவ வழியிருக்கிறது, இதை விட்டுவைத்த புண்ணியவான் யார் என்று கேட்டார்.

மாமா அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பின்பக்கம்தானே, யாரு பாக்கப்போறாங்கன்னு விட்டுட்டேன். உன்கிட்ட முடிச்சாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

அக்கா வெளுத்துக் கிடந்த மற்ற பாறைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெட்டியை இறக்கி மிரட்டிய தன் கைதான் அவற்றில் பாதியைச் சுரண்டியது என்று அவளுக்கு உறைத்துவிட்டது. கண் கலங்கியிருந்தது. மாமா பாறைமேல் போட்டுவிட்டுப் போயிருந்த பிரஷ்ஷை எடுத்து, தன் கைப்பையில் திணித்து மூடினாள்.

"இனிமே நீங்க எதையும் முடிக்க வேணாம். வாங்க, வீட்டுக்குப் போகலாம்."