உரச்சாக்கில் வளர்ந்த இஞ்சி

மலேசியாவில் கேரி தீவுக்குப் போகும் சாலையில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன்.

"இஞ்சி டீ குடிங்க அண்ணே, வாசமே தூக்கும்" என்கிறார் கடைக்கார அக்கா.

எட்டு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு என் வாசனை உணர்வு போய்விட்டது என்று சொல்கிறேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்க்கிறார். பிறகு அந்த மழையிலேயே கடைக்குப் பின்னால் போகிறார். அங்கே பழைய உரச்சாக்குகளில் இஞ்சி வளர்த்திருக்கிறார். ஒரு சாக்கில் கைவிட்டு மண்ணை விலக்கி, கிழங்கின் ஓரத்துக் கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு மறுபடி மூடுகிறார்.

"முழுசா புடுங்க மாட்டேன். மிச்சம் அது பாட்டுக்கு வளரும் லா."

கரண்டி முனையால் தோலைச் சுரண்டி, துருவி, சாறு பிழிகிறார். அடியில் வெள்ளையாக மாவு படியும்வரை காத்திருந்து, தெளிந்ததை மட்டும் சுடுநீரில் ஊற்றித் தருகிறார். குடிக்கிறேன். காரம் தொண்டையைப் பிடிக்கிறது. வாசனை தெரியவில்லை.

"அவசரப்படாதீங்க. இத மோந்து பாருங்க" என்று பிழிந்த சக்கையை என் உள்ளங்கையில் வைக்கிறார்.

மூன்றாவது முறை மூச்சை இழுக்கும்போது மெலிதாக ஏதோ வருகிறது. ஈர மண்ணும் எலுமிச்சையும் கலந்தது போல. இஞ்சியேதான்.

"வருதுக்கா" என்கிறேன். கண் நிறைந்துவிடுகிறது.

"காரம் பட்டுடுச்சா அண்ணே?"

இல்லையென்று தலையாட்டுகிறேன். அவருக்குப் புரிகிறது. முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

மழை நின்ற பிறகும் அந்தச் சக்கையை முகர்ந்தபடி அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.