‘அடி’ என்ற சொல்லும் சார்ஜ் ஏறாத பற்றரியும்

1. சுவர் சுவிட்ச்

நரி வேலை என்றால் துவக்கால் சுடும் வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கால்வாசி பற்றரி வேலை. லண்டனில் இருபது வருடம் எலி, கரப்பான், நரி என்று பிடிக்கும் வேலையில் திரிந்துவிட்டு இந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வருகிறவர்கள் துவக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சார்ஜரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் எரிச்சல்.

வீடுகளுக்கு நடுவே நாங்கள் துவக்கைத் தொடுவதில்லை, கூடு வைத்துத்தான் பிடிப்போம். நகரம் முடிந்து வயல் தொடங்கும் இடங்களில், காணிக்காரர் எழுதித் தந்தால் மட்டும் இரவில் சுடுவோம். ஒருவர் கையில் ஸ்பொட்லைற், மற்றவர் கையில் துவக்கு. வெள்ளை வெளிச்சத்துக்கு நரி ஓடிவிடும் என்பதால் லைற்றின் முகத்தில் சிவப்பு ஃபில்டர் போடுவோம். அந்த வெளிச்சத்தில் முதலில் மின்னுவது கண்கள்தான். கண்ணை நம்பிச் சுடக் கூடாது. உடம்பு தெரிய வேண்டும், அது நரிதான் என்று உறுதியாக வேண்டும், பின்னால் குண்டை வாங்க மண்மேடு இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துவக்கின் பூட்டான சேஃப்டியைத் தள்ளுவது. சேஃப்டி பூட்டியிருந்தால் விசை அசையாது.

என் கூட்டாளி ரூபன் பாரிஸில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். கெட்டிக்காரன், நரியின் நடையைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவான். அவனிடம் ஒரு பிரெஞ்சுப் பழக்கம் இருந்தது. சார்ஜரைச் சுவரில் சொருகுவான், அத்தோடு போய்ப் படுத்துவிடுவான். அங்கே சொருகினாலே கரண்ட் வரும். இங்கே சுவரில் இருக்கும் சுவிட்சையும் போட வேண்டும். எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

2. புவனா அக்காவின் கோழிகள்

எட்மண்டனுக்கு வடக்கே, வயற்கரையில் வீட்டோடு காணியை வாடகைக்கு எடுத்துக் கோழி வளர்த்தவர் புவனா அக்கா. முதியோர் கெயார் ஹோமில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஒரே இரவில் பதினொரு கோழிகளை நரி கொன்றுவிட்டது என்று போனில் அழுதார். அன்று மாலையே நானும் ரூபனும் போனோம்.

“அக்கா, நாங்கள் போகுமட்டும் நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. நாயை உள்ளுக்குக் கட்டுங்கோ. ரோர்ச் கீர்ச் ஒண்டும் அடிக்கக் கூடாது, நரி வெருண்டிடும்” என்றேன்.

“ஓம் தம்பி, எனக்கென்ன விசரே இந்தக் குளிருக்குள்ள வெளியில வர?” என்றார்.

பத்தரை மணியளவில் கோழிக்கூட்டுக்கு எதிரே, புல் மேட்டில் படுத்துக்கொண்டோம். துவக்கு என்னிடம். அதில் பூட்டியிருந்த சின்ன லைற்றின் சுவிட்ச் என் இடது கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. ரூபன் பெரிய லைற்றை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டுக்குள் கோழிகள் கத்தத் தொடங்கின.

“மச்சான், கண்! வேலியடியில, இடப்பக்கம்” என்று ரூபன் குசுகுசுத்தான்.

பார்த்தேன். நரியின் உயரத்தில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். துவக்கை அந்தப் பக்கம் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து ஸ்பொட்லைற் மங்கியது. முதல் நாள் இரவு முழுக்கச் சுவிட்ச் போடாமல் சுவரில் சொருகிக் கிடந்த பற்றரியில் சார்ஜ் ஏறவே இல்லை. உடம்பு ஒன்றும் தெரியவில்லை, கண்கள் மட்டும் லேசாக மின்னின.

“பற்றரி போகுது. அடி, அடி!” என்றான் ரூபன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் ரோர்ச்சையும் அடிப்போம், துவக்கால் நரியையும் அடிப்போம். இங்கிலீஷில் பேசி வேலை செய்கிறவர்களுக்கு இந்த வில்லங்கம் வராது. அவன் சொன்னது துவக்கில் இருந்த சின்ன லைற்றை. என் காதில் விழுந்தது மற்றது.

“லைற்றை அடியடா!” என்று மறுபடியும் கத்தினான். கட்டைவிரலை அழுத்தினேன்.

வெள்ளை வெளிச்சத்தில் நின்றது அக்காவின் நாய். அதன் பின்னால் நிலத்தோடு குனிந்து, அது குரைக்காமல் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் புவனா அக்கா. கோழிச் சத்தம் கேட்டதும் மனம் பொறுக்காமல் வந்துவிட்டார். ரோர்ச் அடிக்கக் கூடாது என்று நான் சொன்னதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்.

“தம்பி, நரி மாட்டுப்பட்டிட்டுதோ?” என்று கேட்டார்.

ஐயோ கடவுளே! எனக்கு உயிர் போய் வந்தது. குண்டைக் கழற்றி, துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு புல்லில் அப்படியே குந்திவிட்டேன். நரியை விட்டுவிட்டோம் என்று அக்கா உயிரோடு நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது.

3. சொல்லாமல் விட்டது

அடுத்த நாளே நானும் ரூபனும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வெளிச்சம் வேண்டுமென்றால் ‘லைற்’ என்று மட்டும் சொல்வது. சுடுவதற்குச் சொல்லே கிடையாது. சுடு என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லக் கூடாது, துவக்கு வைத்திருப்பவன் தானே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பற்றரியை மீற்றர் வைத்துப் பார்க்காமல் வான் வண்டியில் ஏற்றுவதும் இல்லை.

இந்தக் கதையைப் புதியவர்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். உடம்பு தெரியாததால் நான் சுடவில்லை என்றுதான் சொல்வேன். “அண்ணை, நீங்கள் நிதானமான ஆள்” என்பார்கள். நானும் தலையாட்டுவேன்.

அது பொய். ‘அடி’ என்று கேட்டதும் என் விரல் விசையை இழுத்தது. இரண்டு முறை இழுத்தது. சேஃப்டியைத் தள்ள மறந்திருந்தேன், அவ்வளவுதான். ரூபனுக்குக்கூட இது தெரியாது. எத்தனையோ இரவு திடுக்கிட்டு எழும்பியிருக்கிறேன்.

போன கிழமை, இதை எழுதத் தொடங்கும் முன், புவனா அக்காவுக்குப் போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“தம்பி, நான் உயிரோடதானே உம்மோட கதைக்கிறன்?” என்றார்.

“ஓம் அக்கா.”

“அப்ப இனியாவது போய் நிம்மதியா நித்திரை கொள்ளும்.”